கயிற்றுக்கு இந்தப் பக்கம்

அத்தியாயம் 3

நாய் ரேடியோவைப் பார்த்தது. ரேடியோ நாயைப் பார்க்கவில்லை. பார்க்காமல் நின்றால் அது தன்னையும் ஒரு தூண் என்று விட்டுவிடும் என்பது அவன் கணக்கு.

"சித்தி," என்றான் உதடு அசையாமல். "அது உட்கார்ந்திருக்கா, பாயப் போகுதா?"

"உட்கார்ந்திருக்கு."

"எல்லா நாயும் பாயறதுக்கு முந்தி உட்கார்ந்துதான் இருக்கும்."

சித்தி திரும்பவில்லை. கொல்லையின் கோடியில் கோழிக்கூண்டின் முன் குந்தி உட்கார்ந்து, அதன் தாழ்ப்பாளைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அவள் ரேடியோவின் அம்மாவுக்குத் தங்கை. துப்பறிவது அவள் தொழில். அவள் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பது ரேடியோவின் தொழில். வாய் ஓயாததால் வந்த பெயர் அது. பயம் வந்தால் ஒலி கூடும். சின்ன வயதில் ஒரு நாய் அவன் கெண்டைக்காலில் பல் பதித்திருந்தது. இந்த வீட்டுக்குள் கால் வைத்ததிலிருந்து அவன் பேச்சை நிறுத்தவேயில்லை.

நாயின் பெயர் மேஸ்திரி. பழுப்பு நிறம், அகன்ற மார்பு. வீட்டில் யார் எந்த வேலை செய்தாலும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். மூன்று கோழிகளை அது கொன்றுவிட்டதாகப் பழி. இருட்டுவதற்குள் ஓர் ஆள் வண்டியோடு வந்து அதைக் கொண்டுபோகப் போகிறார். போனால் ஊசிதான். திரும்பி வராது.

"மேடம்," என்றாள் அந்த வீட்டுப் பெண். மருந்துக்கடையில் வேலை. பாதியில் சொல்லிக்கொண்டு ஓடி வந்தவள் நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "அவன் செய்யலைன்னு நீங்க சொன்னா எனக்குச் சந்தோஷம். சொல்லிடுவீங்களோன்னு பயமாவும் இருக்கு."

"ஏன்?"

"அவன் செய்யலைன்னா, ராத்திரி வேற யாரோ இங்க வந்துட்டுப் போறாங்க."

கொல்லையைப் பார்த்த ஒரு கதவைக் காட்டினாள். அது அவள் மகள் பாப்பா தூங்கும் அறை. கதவுக்கு வெளியே, படியின் மேல், நாய் படுக்கும் சாக்கு கிடந்தது.

ரேடியோ அந்தக் கதவைப் பார்த்தான். உளுத்த மரம். ஒரு உதை போதும்.

"ஆரம்பிச்சுட்டியா?" என்றபடி அவளுடைய அண்ணன் உள்ளேயிருந்து வந்தார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். கையில் இன்னும் கிரீஸ். "நாய்னா கோழியைப் பிடிக்கத்தான் செய்யும். இதுல துப்பறிய என்ன இருக்கு?"

"அண்ணே, கோர்ட்டுல..."

"கோர்ட்டு முடிஞ்சு போச்சு. மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டாரா இல்லையா? பாப்பா உங்கிட்டயே இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போனாரா இல்லையா? அதுக்கப்புறம் ஒரு போன் உண்டா, ஒரு சண்டை உண்டா?"

"அதான் அண்ணே பயமா இருக்கு. சண்டை போடாம அவர் எதையும் விட்டதில்லை."

அண்ணன் கையைத் துணியில் துடைத்தார்.

சித்தி எழுந்தாள். கொல்லையின் நடுவே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, ஒரு பச்சை நைலான் கயிறு தரையில் கிடந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் மிச்சமிருந்த கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் வீடு, படி, நாய், ரேடியோ.

"ரேடியோ, நாயை இங்க கூட்டிட்டு வா."

"நானா?"

"வேற யார் சும்மா நிக்கறா?"

"நான் சும்மா நிக்கலை சித்தி. பயந்துக்கிட்டு நிக்கறேன்."

நாயின் கழுத்திலிருந்து தொங்கிய வாரை இரண்டு விரலால் பிடித்தான். நாய் எழுந்து மரியாதையாகக் கூடவே நடந்தது. கயிறு வந்ததும் படுத்துவிட்டது. ரேடியோ இழுத்தான். நாய் மாவு மூட்டைபோல ஒரு சாண் நகர்ந்தது. மறுபடி இழுத்தான். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

படியில் உட்கார்ந்திருந்த பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். "கயிறை எடுக்கணும் அங்கிள்! எடுக்காம வரவே மாட்டான்!"

ஓடி வந்து கயிற்றின் நுனியைத் தூக்கி, உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றினாள். நாய் எழுந்து, உடம்பை உதறி, ஒன்றும் நடக்காததுபோல அந்தப் பக்கம் போனது.

"வர்றவங்க எல்லாரும் இதேதான் பண்ணுவாங்க," என்றாள் பாப்பாவின் அம்மா. அன்று முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் இளகியது. "போன மாசம் தடுப்பூசி போட வந்த டாக்டர் வேர்த்து விறுவிறுக்க இழுத்தார். ஏன்னு தெரியாமலே, கடைசியில அவரே நாய்கிட்ட வந்து போட்டுட்டுப் போனார்."

"யார் பழக்கினது?"

"நான்தான். முதல்ல வலைக்கு அந்தப் பக்கம் கோழி, இந்தப் பக்கம் இவன், சங்கிலியில. கோழி இறக்கை அடிச்சா இவனுக்குக் கால் துடிக்கும். அது அடங்கற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பேன். அடங்கினா ஒரு துண்டு ரொட்டி. அப்புறம் வலையை எடுத்துட்டுக் கயிறு போட்டேன். கிடந்தா தாண்டக் கூடாது. அப்படியும் ஆள் இல்லாம ரெண்டையும் ஒண்ணா விட்டதில்லை மேடம். தட்டுகூட வேற வேற இடம். ஒருத்தர் சாப்பாட்டுல ஒருத்தர் வாய் வைக்கக் கூடாது."

"எங்க வீட்டுலயே அந்த ஒழுக்கம் கிடையாது," என்றான் ரேடியோ.

"ராத்திரி?" என்றாள் சித்தி.

"கோழிங்க தானாவே கூண்டுக்குள்ள போயிடும். அண்ணன் தாழ் போடுவார். கயிறு ஆணிக்குப் போயிடும். இவன் கொல்லை முழுக்கச் சுத்துவான், காவலுக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் அண்ணன். "ராத்திரி கயிறு கிடையாது. சாயங்காலம் ஏதோ ஒரு கோழி வெளியிலயே நின்னுபோயிருக்கு. இவன் பிடிச்சுட்டான். இவன் குரைச்சது எனக்கே கேட்டுச்சு. கோழியைத் துரத்துறான்னு திட்டிட்டுப் புரண்டு படுத்தேன். காலையில பார்த்தா சாக்குப் பக்கத்துல கோழி, கழுத்து முறிஞ்சு."

"கூண்டு திறந்திருந்துச்சா?"

"தாழ் போட்டபடிதான் இருந்துச்சு. அது நான் போட்ட தாழ்ப்பாள் மேடம். அழுத்திக்கிட்டே தூக்கணும். எந்த மிருகத்தாலயும் முடியாது. அதனாலதான் வெளியில நின்ன கோழின்னு சொல்றேன்."

"நல்ல வேளை," என்றான் ரேடியோ. "கோழியையும் கொன்னுட்டு மறக்காமத் தாழும் போட்டிருந்தா, இவனை உங்க கம்பெனியிலேயே சேர்த்திருக்கலாம்."

அண்ணன் முறைத்தார். சித்தி பாப்பாவின் பக்கம் குனிந்தாள்.

"செத்துப்போனதெல்லாம் எந்தெந்தக் கோழி கண்ணு?"

"முதல்ல முதல் பெஞ்ச். அப்புறம் ரெண்டாவது பெஞ்ச். அப்புறம் மூணாவது பெஞ்ச்."

"அப்படின்னா?"

பாப்பா கூண்டுக்குள் விரலை நீட்டினாள். உள்ளே ஒரே ஒரு நீளக் கழி, கதவிலிருந்து கூண்டின் மறுகோடி வரை. "தினமும் அதுங்க அதுங்க இடத்துலதான் உட்காரும். மாத்தி உட்கார்ந்தா கொத்திக்கும். கதவுகிட்ட உட்கார்றதுதான் முதல் பெஞ்ச்."

சித்தி நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள்.

"வெளியில தவறி நின்ன கோழி, ஒவ்வொரு தடவையும், கதவுலேருந்து வரிசைப்படி தவறி நின்னுச்சா?"

அண்ணன் கழியைப் பார்த்தார், கூண்டுக் கதவைப் பார்த்தார்.

"நாய்னா ஓடற கோழியைப் பிடிக்கும்," என்றாள் சித்தி. "இருட்டுல உள்ள நுழையற கைதான், பக்கத்துல எது உட்கார்ந்திருக்கோ அதைப் பிடிக்கும். எடுத்துட்டு, மத்த கோழி வெளியில வந்து கத்தாம இருக்கத் தாழையும் போடும்."

கை என்றதும் அம்மா பாப்பாவை இழுத்துத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள். ரேடியோவுக்கு அவன் கையே பிடிக்கவில்லை. இரண்டையும் பேண்ட் பையில் போட்டுக்கொண்டான்.

"இருக்காது," என்றார் அண்ணன். குரல் இறங்கியிருந்தது. "ஆள் உள்ள வந்தா இவன் சும்மா விடுவானா? கிழிச்சுப் போட்டுடுவான்."

"ரேடியோ, பெல்ட்டைக் கழட்டு."

"சித்தி, குழந்தை இருக்கு."

"கழட்டு."

தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் அளவு இடைவெளி. சித்தி பெல்ட்டை அங்கே குறுக்காகப் போட்டாள். அந்தப் பக்கம் நின்று ரொட்டித் துண்டைக் காட்டினாள். நாய் ஓடி வந்தது. பெல்ட்டுக்கு முன்னால் சறுக்கி நின்று உட்கார்ந்தது. எச்சில் ஒழுகியது. ஒரு நகம்கூடத் தாண்டவில்லை.

"பச்சைக் கயிறுன்னு இல்லை. தரையில குறுக்கே எது கிடந்தாலும் இவன் நின்னுடுவான். உலகத்துல இருக்கறது உங்க வீட்டுக் கயிறு மட்டும்தானா? வந்தவன் கையோட ஒண்ணு கொண்டு வந்தான். கீழ இறங்கறதுக்கு முந்தியே சுவருக்குச் சுவர் போட்டான். இவன் இந்தப் பக்கம் நின்னு தொண்டை கிழியக் கத்தினான். நீங்க திட்டிட்டுப் புரண்டு படுத்தீங்க. அவன் நிதானமாக் கழுத்தைத் திருகி, சாக்குப் பக்கம் எறிஞ்சுட்டு, சுவர் மேல ஏறி நின்னு கயிறை இழுத்துக்கிட்டான்."

"ஒரு கோழிக்காகவா இவ்வளவு?"

"கோழிக்காக இல்லை. நாய் படுக்கிற அந்தப் படி காலியாகணும். அதையும் நீங்களே காலி பண்ணிக் கொடுக்கணும்."

ரேடியோ ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். அதற்கு அப்பால், பாதியில் நின்றுபோன ஒரு கட்டடம். சட்டம் இல்லாத ஜன்னல்கள். ஒவ்வொன்றும் கறுப்பாக இருந்தது.

"கயிறு விஷயம் யாருக்கெல்லாம் தெரியும்?"

"எங்க மூணு பேருக்குத்தான்," என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

"என்னை ஏம்மா பாக்கற?"

"நாயைக் கொண்டுபோற ஆளை வரச்சொன்னது யாரு அண்ணே?"

"தீவனக் கடையில பழக்கமானவர்! கோழி செத்ததைக் கடைக்காரர்கிட்ட புலம்பிட்டிருந்தேன். பக்கத்துல நின்னவர், இப்படிப்பட்ட நாயைக் கொண்டுபோறதுதான் என் வேலைன்னார். நான் தேடிப் போகலை."

"அவர்கிட்ட நாயைப் பத்தி என்ன சொன்னீங்க?" என்றாள் சித்தி.

"ஆளைக் கடிக்குமான்னு கேட்டார். தெரிஞ்சவங்களைக் கடிக்காதுன்னேன். வேற ஒண்ணும் இல்லை. இந்த வீட்டு வாசலைக்கூட அவர் மிதிச்சதில்லை."

அம்மா ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். கூடப் பிறந்தவரைப் பார்த்து அவள் அப்படி நகர்ந்ததை அவரும் பார்த்தார். அவர் முகம் சின்னப் பையனுடையதுபோல ஆயிற்று.

சந்துப் பக்கம் இருந்த கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள்.

"கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டேன்," என்றது வெளியே ஒரு குரல். "பரவாயில்லையா?"

அண்ணன் சித்தியைப் பார்த்தார். சித்தி, திற என்பதுபோலத் தலையசைத்தாள்.

பாப்பா அதற்குள் அம்மாவின் பிடியிலிருந்து நழுவி, நாயை வீட்டுப் பக்கம் ஓட்டிவிட்டு, கோழிகள் வெளியில் இருக்கிறதே என்று கயிற்றைத் தரையில் நீட்டிப் போட்டாள். தானியக் கிண்ணத்தோடு கோழிகளிடம் போய் உட்கார்ந்தாள். ரேடியோவும் கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டான். அவன் பார்வையில் இந்தக் கொல்லையிலேயே பத்திரமான இடம் கோழிகளுக்கு நடுவில்தான்.

உள்ளே வந்தவருக்குச் சாந்தமான முகம். சுத்தமான சட்டை. கையில் நாய்க்கு மாட்டும் தோல் வாய்க்கூடு. எல்லாரையும் பார்த்துப் புன்னகைத்தார். ரேடியோவுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. இவரிடம் போய் யார் பயப்படுவார்கள்?

நாய் உறுமியது. இவ்வளவு நேரம் அவ்வளவு பெரிய தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை என்பது ரேடியோவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"நீங்களே மாட்டி, இங்க கொண்டு வாங்க," என்று வாய்க்கூட்டை அண்ணனிடம் எறிந்தார் வந்தவர். அண்ணன் மாட்டினார். வாரைப் பிடித்து நாயைக் கயிறுவரை கொண்டு வந்தார். நாய் வழக்கம்போல அங்கே உட்கார்ந்தது.

வந்தவர் கயிற்றுக்கு மறுபக்கம் நின்றார். நாயைக் கூப்பிடவில்லை. வாருக்குக் கை நீட்டவும் இல்லை. குனிந்தார். கயிற்றின் நுனியைத் தூக்கி, உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்ற ஆரம்பித்தார்.

"அதை ஏன் எடுக்கறீங்க?" என்றாள் சித்தி.

அவர் நிறுத்தவில்லை. "காலைத் தடுக்குமே."

"தரையோட தரையாக் கிடக்கற கயிறு யார் காலைத் தடுக்கும்? என்கூட வந்தவன் நாயைத்தான் இழுத்தான். ஊசி போட வந்த டாக்டரும் நாயைத்தான் இழுத்தார். இந்த வீட்டுக்குப் புதுசா வர்ற யாருக்கும் முதல்ல கயிறை எடுக்கணும்னு தோணலை. உங்களுக்கு மட்டும் எப்படித் தோணுச்சு?"

சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"நான் சொல்லலை," என்றார் அண்ணன், தங்கையைப் பார்த்து. "சத்தியமா நான் சொல்லலைம்மா."

"இந்த அங்கிளுக்குத் தெரியும்," என்றாள் பாப்பா பெருமையாக. கிண்ணத்தைப் பிடித்த கையாலேயே சுவருக்கு அப்பால் காட்டினாள். "அங்க மேலேருந்து பார்ப்பாரு. கை ஆட்டுவாரு. நானும் ஆட்டுவேன்."

வந்தவருடைய புன்னகை மாறவே இல்லை. ரேடியோ அதற்குத்தான் பயந்தான். அவர் கையிலிருந்த சுருளை உதறினார். கயிறு பழையபடி தரையில் விழுந்தது. அடுத்த நொடி பாப்பாவின் கை அவர் கையில் இருந்தது.

"வா செல்லம், போலாம்."

கிண்ணம் உருண்டது. கோழிகள் நாலா பக்கமும் அடித்துக்கொண்டு பறந்தன. அம்மா அலறினாள். அண்ணன் பாய்ந்தார், வார் அவர் காலிலேயே சுற்றிக் குப்புறத் தள்ளியது. சித்தி கொல்லைக் கதவை மறித்தாள். வந்தவர் தோளால் ஒரு இடி இடித்தார். அவள் கூண்டின் மேல் போய் விழுந்தாள்.

நாய் கயிற்றின் விளிம்பில் நின்றது. உடம்பு முழுவதும் நடுங்கியது. மூக்குக்கு நேரே ஒரு கோழி இறக்கை அடித்தது. அது கோழியைப் பார்க்கவில்லை. பாப்பாவைப் பார்த்தது. அழுதது. தாண்டவில்லை.

கயிற்றின் நுனி ரேடியோவின் காலடியில் கிடந்தது. எடுத்தால் அவனுக்கும் அந்த நாய்க்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது.

யோசித்திருந்தால் எடுத்திருக்க மாட்டான். பேண்ட்டைப் பிடித்திருந்த கையையும் விட்டுவிட்டு, இரண்டு கையாலும் கயிற்றை வாரி எடுத்தான்.

"போடா!" என்று கத்தினான். "போ, போ, போ!"

பழுப்பாக ஒன்று அவன் தொடையை உரசிக்கொண்டு போனது. வாய் கட்டியிருந்ததால் அதனால் கடிக்க முடியாது. ஆனால் அத்தனை எடையும் ஓடிய வேகத்தோடு வந்தவரின் முதுகில் விழுந்தது. கதவு, ஆள், நாய் மூன்றும் சேர்ந்து சரிந்தன. ரேடியோ தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி தடுக்கி, பாப்பாவைத் தூக்கிக்கொண்டான். அவள் அழவில்லை. அவன் பேண்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வந்தவரைக் கட்டி, அவர் மேலேயே உட்கார்ந்துகொண்டு போலீசுக்குப் போன் செய்தார். பேசும்போது அழுதார். நாய் வந்தவரின் தலைமாட்டில் மேற்பார்வைக்கு உட்கார்ந்தது.

"யார் அனுப்பினா?" என்று கேட்டார் அண்ணன். "சொல்லுடா. யாரு?"

"சொல்ல மாட்டான்," என்றாள் சித்தி. விழுந்ததில் உடைந்த தன் மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, நொண்டியபடி சந்துக்கு வந்தாள். ரேடியோ பின்னால் போனான். பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மாவும் வந்தாள். அந்த ஆளோடு ஒரே கொல்லையில் நிற்க அவளால் முடியவில்லை.

வந்தவருடைய வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சித்தி பின்கதவை இழுத்துத் திறந்தாள்.

நாயை அடைக்கக் கூண்டு இல்லை. சங்கிலி இல்லை. பின்னிருக்கையில் குழந்தை உட்காரும் சின்ன இருக்கை ஒன்று பொருத்தியிருந்தது. புதுசு. மேல் உறைகூடக் கிழிக்கவில்லை. அதன்மேல் ஒரு மஞ்சள் போர்வை மடித்து வைத்திருந்தது. அது மட்டும் பழசு. ஒரு மூலை சப்பிச் சப்பி நைந்து போயிருந்தது.

அம்மா அதைத் தொடவில்லை.

"இதை நான் எடுத்துட்டு வரலை," என்றாள். "கிளம்பற அன்னிக்கு அவசரத்துல விட்டுட்டு வந்தது. அந்த வீட்டு அலமாரியில இருந்துச்சு."

ரேடியோ அவசரமாகக் கதவைச் சாத்தப் போனான்.

பாப்பா எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் நீட்டினாள்.

"என் போர்வை! அம்மா, அப்பா வந்திருக்காரா?"

அம்மா அவள் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு சந்தின் கோடியைப் பார்த்தாள். அங்கே தெரு. ஓரமாக வண்டிகள் நின்றன. அவற்றில் ஒன்றின் விளக்கு எரிந்தது. அது மெல்லப் பின்வாங்கி, அவசரமே இல்லாமல் திரும்பி, போய்விட்டது.